தேவாலயத்தின் அடியில் ஒரு மனிதன்

(வில்லியம் வாக்கர், 1869 – 1918)
மூன்றாமாண்டு, அமைப்பியல் துறை



ஆண்டு மலருக்கு ஒரு மேதையின் வரலாறு எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, நான் விஸ்வேஸ்வரய்யாவையோ ஈஃபிலையோ எழுதுவேன் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். நான் எழுதப்போகிறவர் விஞ்ஞானி அல்லர். எஞ்சினியரும் அல்லர். பட்டம் வேண்டாம், நம்மைப் போல் ஒரு டிப்ளமோகூட அவர் வாங்கியதில்லை. ஆனாலும் ஒரு மாபெரும் தேவாலயத்தை அதன் அடியில் இறங்கி, கும்மிருட்டில், வெறும் கையால் தடவித் தடவித் தாங்கிப் பிடித்தவர் அவர். பெயர் வில்லியம் வாக்கர். தொழில், தண்ணீரில் முக்குளிப்பது. டைவர்!

இவரை நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு விரிசல். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் இம்பிளாண்ட் டிரெய்னிங்குக்காக நாங்கள் நாலு பேர் ஒரு கட்டட வேலைக்குப் போனோம். (ஊரும் கம்பெனியும் வேண்டாமே!) பேஸ்மென்ட்டுக்காகப் பெரிய குழி தோண்டியிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம் போனதுமே ஊற்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. ரெண்டு டீசல் பம்ப்பை வைத்து ராப்பகலாக இறைத்தார்கள். குழி வறண்டதும் எங்களுக்கு ஒரே சந்தோஷம், அடித்தளம் போடுவதைப் பார்க்கலாமே என்று! நாலாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா வந்து நின்றார். அவர் வீட்டுச் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கியிருந்தது விரிசல். முந்தின வாரம் அது இல்லையாம். பம்ப்பை நிறுத்தினார்கள். விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடித் துண்டு ஒட்டும் வேலை எங்களுக்கு வந்தது. சுவர் இன்னும் அசைகிறதா என்று பார்க்கத்தான். நான் சிமெண்ட் குழைத்து ஒட்டிய கண்ணாடி மூன்றாம் நாள் டப்பென்று இரண்டாகிக் கிடந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நம்ம குழியில் இறைத்த தண்ணீருக்கும் அவர் வீட்டுச் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முதலில் நிஜமாகவே குழம்பினேன்.

கல்லூரி திறந்ததும் சாயில் மெக்கானிக்ஸ் எடுக்கும் ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. வின்செஸ்டர் தேவாலயத்தைப் பற்றிப் படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் வாக்கர்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், இட்சென் என்கிற சிற்றாற்றின் கரையில் உள்ள பழைய ஊர் வின்செஸ்டர். அங்கே நார்மானியர் 1079-ல் கட்டத் தொடங்கிய தேவாலயம் ஏறக்குறைய 170 மீட்டர் நீளம். ஐரோப்பாவில் அந்தக் காலத்துத் தேவாலயங்களில் இவ்வளவு நீளமானவை மிகச் சில. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினை அடக்கம் செய்திருப்பதும் இதற்குள்தான். இத்தனை பெருமை இருந்தும் கட்டிய இடம் ஆற்றுப் பள்ளம்! நம்ம ஊரில் வயலைத் தூர்த்து மனை போட்டு விற்கிறார்களே, அதே கதை. 1107-ல் நடுக்கோபுரம் இடிந்து விழுந்தது. அதன் கீழே ஒரு பொல்லாத ராஜாவைப் புதைத்ததால்தான் கோபுரம் விழுந்தது என்று ஊர் பேசிக்கொண்டதாம். மண்ணைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கு நூறு ஆண்டு கழித்து, பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், லூசி என்கிற பிஷப் காலத்தில் கிழக்குப் பக்கம் தேவாலயத்தை நீட்டிக் கட்டினார்கள். அங்கே தரை இன்னும் மோசம். மேலே களி கலந்த சுண்ணாம்பு மண், அதன் கீழே பீட், அதற்கும் கீழேதான் கெட்டியான கிராவல். பீட் என்பது நம் லேப்பில் பார்க்காத சரக்கு. புல், வேர், இலை எல்லாம் ஆயிரக்கணக்கான வருஷம் தண்ணீரில் ஊறி, முழுதாக மக்காமல் கறுத்துப் போன மண். நாம் களிமண்ணின் நீரளவு நாற்பது சதவீதம் வந்தாலே ரீடிங் தப்போ என்று மறுபடி அடுப்பில் வைக்கிறோம். பீட்டில் அது நூற்றுக்கணக்கான சதவீதம் வரும்! அதாவது, திடப்பொருளைவிடத் தண்ணீர் பல மடங்கு எடை. பஞ்சை நனைத்து அதன்மேல் கல்லை வைத்தாற்போல.

அந்தக் காலத்துக் கொத்தர்களால் தண்ணீருக்கு அடியில் கிராவல்வரை போக முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பீச் மரங்களை வெட்டி வந்து, கட்டைகளைப் படுக்கப் போட்டு, ஒரு தெப்பம் மாதிரி செய்து அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். இன்று நாம் ராஃப்ட் பவுண்டேஷன் என்கிறோமே, அதன் மூதாதை. கேலி செய்ய வேண்டாம். அந்தக் கட்டைத் தெப்பம் எழுநூறு வருஷம் தாக்குப் பிடித்தது. நாம் போடுகிற ராஃப்ட் எத்தனை வருஷம் நிற்கும் என்று பார்க்க நாம் இருக்கப் போவதில்லை!

ஆனால் தெப்பமும் மெல்ல மெல்லச் சரிந்துகொண்டுதான் இருந்தது. 1905-ல் நிலைமை கைமீறிவிட்டது. கிழக்குச் சுவர் வெளியே சாய்ந்தது. தென்பக்கச் சுவர் பிதுங்கியது. வளைவுக் கூரையிலிருந்து கல் துண்டுகள் உதிர்ந்தன. சில விரிசல்களுக்குள் ஆந்தை குடியிருக்குமளவுக்கு இடமிருந்ததாம். கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனை அழைத்தார்கள். அவர் சோதனைக் குழி தோண்டிப் பார்த்தார். சுவரைக் கிராவல்மேல் உட்கார வைத்தால் தவிர வழியில்லை என்பது தெரிந்தது. ஆனால் பீட்டை வெட்டியதும் கீழேயிருந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வந்து குழியை நிரப்பிவிட்டது.

இது தன் வேலை மட்டுமல்ல என்று ஜாக்சனுக்குப் புரிந்தது. பிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற சிவில் எஞ்சினியரைக் கூப்பிட்டார். சாதாரண ஆள் இல்லை ஃபாக்ஸ். லிவர்பூலில் மெர்சி ஆற்றின் அடியில் ரயில் சுரங்கம் போட்டதில் பங்கு கொண்டவர். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த சிம்ப்ளன் சுரங்கத்துக்கு ஆலோசனை சொன்னவர். லண்டன் கிறிஸ்டல் பேலஸைக் கட்டிய சார்லஸ் ஃபாக்ஸின் மகன்.

அங்கேயும் முதலில் செய்தது என்ன? பம்ப் வைத்து இறைத்துப் பார்த்ததுதான்! இந்த இடத்தைப் படித்தபோது எனக்குப் பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

ஏன் இறைக்கக்கூடாது என்பதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம், ஆனால் அது பரீட்சைக்காகப் படித்தது. மண்ணில் உள்ள தண்ணீரும் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. தண்ணீர் மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அது தாங்கிக்கொண்டிருந்த பங்கு மண் துகள்களின் தலையில் விழுகிறது; சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ நியூட்டன், அதாவது ஒரு டன். மேலே ஒரு செங்கல்கூட வைக்காமலே ஒரு டன் பாரம் ஏற்றியாகிவிட்டது! பீட் மாதிரி மண் அதற்கு உடனே அமுங்கும். ஒரே அளவாக அமுங்கினாலாவது பரவாயில்லை. ஒரு பக்கம் அதிகம், ஒரு பக்கம் குறைவு என்று அமுங்கும். சுவர் கிழியும். போதாததற்கு இறைக்கிற தண்ணீரோடு நுண்மணலும் சேர்ந்து வெளியே வந்தால் அஸ்திவாரத்தின் கீழ் பொந்து விழும். எழுநூறு வருஷம் ஈரத்திலேயே கிடந்ததால் உளுக்காமல் இருந்த மரக்கட்டைக்குக் காற்றுப் பட்டால் அதுவும் மக்க ஆரம்பிக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1905-ல் இந்தக் கணக்கைச் சொல்லித்தர ஆளே கிடையாது. மண் இயங்கியலின் தந்தை என்று நாம் படிக்கும் டெர்சாகிக்கு அப்போது வயது இருபத்திரண்டு. அவருடைய புகழ்பெற்ற புத்தகம் 1925-ல்தான் வந்தது. ஃபாக்ஸுக்கு இருந்தது சுரங்க வேலையில் தண்ணீரோடு மல்லுக்கட்டிய அனுபவம் மட்டுமே. அந்த அனுபவத்தை வைத்து அவர் எடுத்த முடிவு இருக்கிறதே, அதுதான் இந்தக் கதையின் உயிர். தண்ணீரை வெளியேற்ற வேண்டாம். அது இருக்கிறபடியே இருக்கட்டும். தண்ணீருக்குள் மனிதனை இறக்குவோம்!

முக்குளிக்கும் சாதனங்களுக்குப் பேர்போன சீப் கார்மன் கம்பெனிக்குச் சொல்லியனுப்பினார்கள். அங்கிருந்து வந்தவர்தான் வாக்கர்.

1869-ல் லண்டனின் தென்பகுதியான நியூவிங்டனில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் வில்லியம் ராபர்ட் பெலனி. வாக்கர் என்பது பின்னால் வந்தது. போர்ட்ஸ்மவுத் கப்பற்படைத் துறையில் தொழில் பழகினார். 1887-ல், அதாவது நாம் பாலிடெக்னிக்கில் சேருகிற வயதை ஒட்டி, ஒரு டைவருக்கு எடுபிடியாகச் சேர்ந்து, கயிறு பிடித்து, காற்றுப் பம்ப் பார்த்து, படிப்படியாகத் தானே இறங்கும் டைவர் ஆனார். வின்செஸ்டருக்கு வந்தபோது சீப் கார்மனின் முதன்மை டைவர் அவர்தான், வயது முப்பத்தேழு. படங்களில் பார்த்தால் தடித்த மீசையும் அகன்ற தோளுமாக நம்ம ஊர் பயில்வான் மாதிரி இருக்கிறார்.

வேலை நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நம் துறைக்காரர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் இரண்டு பாரா தாண்டிக்கொள்ளலாம்!

முதலில், கட்டடம் அதுவரை விழாமல் இருக்கவேண்டுமே! சுவர்களுக்கு வெளியே பெரிய மரங்களைச் சாய்த்து முட்டுக் கொடுத்தார்கள். விரிசல்களைத் தண்ணீர் விட்டுக் கழுவி, அழுத்தத்தில் சிமெண்ட் பாலைச் செலுத்தினார்கள். கிரவுட்டிங்! லண்டன் சுரங்க ரயில் வேலைக்காகக் கிரேட்ஹெட் என்பவர் செய்த இயந்திரத்தை அதற்குப் பயன்படுத்தினார்கள். பிரிந்த சுவர்களை எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டினார்கள். பிறகுதான் அடியில் கை வைத்தார்கள்.

சுவர் நெடுகத் தோண்டினால் மொத்தமும் உட்கார்ந்துவிடும். அதனால் ஒரு சிறு குழி, பிறகு தள்ளி இன்னொரு குழி. ஒரு குழி திறந்திருக்கும்போது மேலே உள்ள சுவர் அந்த இடைவெளியை வளைவு போல் தாண்டி இருபுறத்து மண்ணில் பாரத்தை இறக்கிக்கொள்ளும். பல் டாக்டர் ஒரே நாளில் எல்லாப் பல்லையும் பிடுங்க மாட்டாரே, அதுபோல. ஒவ்வொரு குழியும் சுமார் 6 மீட்டர் ஆழம். தென்புறமும் கீழ்ப்புறமுமாக மொத்தம் ஏறக்குறைய 235 குழிகள்! தண்ணீர் மட்டம் வரை சாதாரணத் தொழிலாளர்கள் மண்ணெடுத்துப் பலகை அடைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் கீழே வாக்கர். தண்ணீருக்குள் பீட்டை வெட்டியெடுத்து மேலே அனுப்பி, கெட்டிக் கிராவல் தட்டுப்பட்டதும் அதைச் சமன் செய்வார். மேலிருந்து கான்கிரீட் மூட்டைகள் கயிற்றில் இறங்கும். அவற்றைச் செங்கல் அடுக்குவது போல நெருக்கி அடுக்கி, மூட்டையைக் கிழித்துவிட்டு, அதன்மேல் அடுத்த வரிசை. கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை, தண்ணீரோடு கூடித்தான் இறுகுகிறது என்று முதலாமாண்டில் படித்தோம். இங்கே கண்ணெதிரே சாட்சி. அந்த மூட்டைத் தளம் இறுகியதும் குழியின் அடிவாய் அடைபட்டுவிடும். அதன் பிறகு பம்ப் வைத்து இறைக்கலாம். வெளியே வருவது அந்தக் குழிக்குள் அடைபட்ட தண்ணீர் மட்டும்தான், ஊர்த் தண்ணீர் வராது. பார்த்தீர்களா, அதே பம்ப்! எப்போது போடுவது என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம். காய்ந்த குழிக்குள் கொத்தர்கள் இறங்கிக் கான்கிரீட் பிளாக்கும் செங்கல்லும் வைத்துப் பழைய சுவரின் அடிவரை கட்டி இறுக்குவார்கள். அடுத்த குழி.

1906-ல் தொடங்கி 1911-ல் முடிந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மாதத்துக்கு மூன்று அல்லது நாலு குழி. மொத்தத்தில் 25,000-க்கு மேல் கான்கிரீட் மூட்டை, சுமார் 1,15,000 கான்கிரீட் பிளாக், சுமார் 9,00,000 செங்கல். மூட்டை வேலையில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒருவர் கை.

இதில் கணக்கில் வராத விஷயம் ஒன்று இருக்கிறது. இருட்டு. பீட் கரைந்த தண்ணீர் காப்பி டிக்காஷன் மாதிரி. அதில் விளக்கு பிடித்தாலும் பயனில்லை. ஐந்தரை வருஷம், ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம், வாக்கர் தான் செய்யும் வேலையைக் கண்ணால் பார்க்கவே இல்லை! எது பீட், எது கிராவல், தளம் மட்டமா சாய்வா, மூட்டைகளுக்கு இடையே சந்து விழுகிறதா, எல்லாம் விரல் சொல்லித்தான் தெரியவேண்டும். தலைக்கு மேலே ஆயிரக்கணக்கான டன் கல். அந்த உடுப்பு மட்டும் சுமார் 90 கிலோ. செம்பு ஹெல்மெட், நெஞ்சிலும் முதுகிலும் ஈயம், காலில் ஈயம் பதித்த பூட்ஸ். மேலே ஆள் கையால் பம்ப் சுற்றினால்தான் கீழே மூச்சு. மாட்டிக் கழற்றுவதே பெரும்பாடு என்பதால், சாப்பாட்டு நேரத்திலும் ஹெல்மெட்டை மட்டும் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்து சாப்பிடுவாராம். சாப்பிட்டதும் ஒரு பைப் புகை. தேவாலயத்தைச் சுற்றிலும் பல நூற்றாண்டுக் கல்லறைகள், அந்த ஊறல் எல்லாம் கலந்த தண்ணீரில்தான் அவர் நாள் முழுக்க நின்றார். புகை கிருமியைக் கொன்றுவிடும் என்பது அவர் நம்பிக்கை. (டாக்டர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்களும் பிடித்துப் பார்க்காதீர்கள்.)

வாரக் கடைசியில் அவர் ஓய்வெடுத்தாரா என்றால், அதுதான் இல்லை! குடும்பம் லண்டனுக்குத் தெற்கே சவுத் நார்வுட்டில் இருந்தது. சைக்கிளை எடுத்து மிதித்து வீட்டுக்குப் போய்விடுவார். போகிற வழி மட்டும் எழுபது மைல் போலிருக்கும். ஹாஸ்டலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ தேடுகிற நாம் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு என் தாத்தா நினைவுதான். எங்கள் ஊர்ப் பக்கம் உறைகிணறு இறக்குகிற வேலை அவருடையது. உறையை வைத்து, அதற்குள் உட்கார்ந்து மண்ணை வாரினால் உறை தன் பாரத்திலேயே இறங்கும். தண்ணீர் வந்து கழுத்துக்கு ஏறிய பிறகு முங்கித்தான் அள்ள வேண்டும். கலங்கிய தண்ணீரில் கண்ணைத் திறந்தாலும் ஒன்றும் தெரியாது. கால் பெருவிரலால் நிமிண்டிப் பார்த்தே சேறா, களியா, மணலா என்று சொல்லிவிடுவார். நாம் சல்லடை வைத்து அரைநாள் செய்கிற சோதனை அவருக்கு ஒரு முங்கல்! சின்ன வயதில் எனக்கு அது பெருமையாக இருந்ததில்லை. அப்பா தொழில் என்ன, தாத்தா தொழில் என்ன என்று பள்ளிக்கூடத்தில் கேட்கும்போது விவசாயம் என்றுதான் சொல்லி வந்தேன்.

1912 ஜூலை 15. வின்செஸ்டரின் புனிதர் ஸ்விதன் திருநாள். தேவாலயம் பிழைத்ததற்காக நன்றி வழிபாடு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் மேரி ராணியும் நேரில் வந்தார்கள். மொத்தச் செலவு 1,13,000 பவுன் என்று கணக்கு. அந்தக் காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை. தென்பக்கச் சுவருக்கு வெளியே புதிதாக உதைசுவர்களும் எழுந்து நின்றன. பிரபுக்களும் பிஷப்புகளும் நிறைந்த அந்தக் கூட்டத்தில் வாக்கரை மன்னர் முன் நிறுத்தினார்கள். வெள்ளிக் கிண்ணம் ஒன்றைப் பரிசாகத் தந்து மன்னர் பாராட்டினார். பின்னர் ராயல் விக்டோரியன் ஆர்டர் என்னும் அரச விருதும் வந்தது. ஒரு கூலித் தொழிலாளிக்கு இது கிடைத்தது அந்த நாட்டில் அந்நாளில் சிறிய விஷயம் அல்ல. சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அதன்பின் ஆறே வருஷம். முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் உலகத்தையே வாரிக்கொண்டு போன ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சல் 1918 அக்டோபரில் வாக்கரையும் கொண்டுபோயிற்று. வயது நாற்பத்தொன்பது. ஐந்தரை வருஷம் கல்லறைத் தண்ணீரில் நின்றபோது ஒன்றும் ஆகாத உடம்பு! லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்கன்ஹாம் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1964-ல் வாக்கருக்குத் தேவாலயத்துக்குள் ஒரு சிறிய சிலை வைத்தார்கள். டைவர் உடுப்பு, கையில் ஹெல்மெட், எல்லாம் பொருத்தமாக இருந்தது. முகம் மட்டும் வாக்கருடையதாக இல்லை! சிற்பிக்குக் கொடுத்த புகைப்படத்தில் பலர் நின்றிருக்கிறார்கள். அவர் ஆளை மாற்றிப் பார்த்துவிட்டார். டைவர் உடுப்புக்கு மேலே வந்து உட்கார்ந்த முகம் யாருடையது தெரியுமா? எஞ்சினியர் பிரான்சிஸ் ஃபாக்ஸ்!

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் ஃபாக்ஸின் மேல் குற்றமே இல்லை. அவர் 1927-லேயே இறந்துபோனவர். தண்ணீரை இறைக்காதே என்ற அந்த ஒரு முடிவு அவருடையது. அது இல்லாவிட்டால் வாக்கர் பீட்டுக்குள் இறங்கியே இருக்க மாட்டார், தேவாலயமும் இடிந்திருக்கும். ஒருவர் மூளை, ஒருவர் கை என்று பிரிப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. கிராவலைத் தொட்டு இது கெட்டி, இதன்மேல் வைக்கலாம் என்று அந்த இருட்டில் முடிவு செய்தது வாக்கர்தான். 235 தடவை அந்த முடிவை எடுத்திருக்கிறார். மேலே இருந்தவர்கள் அவர் சொல்லை நம்பித்தான் ஆக வேண்டும், இறங்கிச் சரிபார்க்க வழியில்லை. நாளைக்கு நாமும் சைட்டில் நிற்கப் போகிறோம், வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்கும் குழிக்குள் இறங்குகிறவருக்கும் நடுவே. அந்தச் சிலை விஷயம் எனக்குள் உறுத்திக்கொண்டே இருப்பது அதனால்தான். கையில் தூக்குச் சட்டியோடு கீழே இறங்குகிற ஆளுக்கு ஒரு முகம் இருக்கிறது என்பதே படம் பார்த்தவர் கண்ணில் படாமல் போயிருக்கிறதே!

தவறைச் சரிசெய்து வாக்கரின் சொந்த முகத்தோடு புதுச் சிலை வைத்தது 2001-ல். நடுவே முப்பத்தேழு வருஷம் ஓடிவிட்டது. அத்தனை காலமும் வந்து போனவர்கள் ஃபாக்ஸ் முகத்தைப் பார்த்து வாக்கர் என்று நினைத்துக் கும்பிட்டுப் போயிருக்கிறார்கள்.

தீபாவளி விடுமுறையில் ஊருக்குப் போனபோது வாக்கரின் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டுபோய்த் தாத்தாவிடம் காட்டினேன். கதையை முழுக்கச் சொன்னேன். திண்ணையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ராஜா வந்ததையோ வெள்ளிக் கிண்ணத்தையோ அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலில் கட்டியிருந்த ஈயத்தைத்தான் தொட்டுத் தொட்டுக் காட்டிக் கேட்டார். ஆழக் கிணற்றில் மண் எடுக்கும்போது தண்ணீர் ஆளை மேலே தள்ளுமாம். அதற்காக அவர் இடுப்பில் ஒரு கருங்கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவாராம். அந்தக் கல் இன்னும் மாட்டுக் கொட்டகையில் கிடப்பதாகச் சொன்னார். எழுந்து போய்ப் பார்த்தேன். கன்றுக்குட்டி கட்டும் முளைக்கு முட்டாக வைத்திருந்தார்கள், கயிறு தேய்ந்த தடம் கல்லின் நடுவே அப்படியே இருந்தது.

வின்செஸ்டரில் மழைக்காலம் வந்தால் தேவாலயத்தின் நிலவறையில் தண்ணீர் ஏறுகிறது. அங்கே நிறுத்தியிருக்கும் ஒரு நவீன சிலை முழங்காலளவு தண்ணீரில் நிற்கும் படத்தையும் நான் பார்த்தேன். கோடையில் அது தானாக வடிந்துவிடுகிறது.